சாலிம் அலி: காலில் கட்டிய ஓலை

தஞ்சைத் தரணியில் ஐப்பசி பிறந்துவிட்டால் வானும் மண்ணும் ஒரே நிறம் கொள்ளும். நடவு முடிந்த சம்பா வயல்களில் நீர் தேங்கி நிற்கும். இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்த விடியற்பொழுதில் கொக்கும் மடையானும் பயிரினூடே அசையாது நிற்கும். ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என வகுத்தனர் பழந்தமிழர். அந்தக் கூதிர்காலத்தில், காவிரிப் படுகையின் தென்கோடியில், வடக்குத் தெற்காக வந்த கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனையில், வேறொரு கூட்டம் வந்து நிற்கிறது. அவ்விடம் கோடியக்கரை. அங்கிருந்து மேற்கே முத்துப்பேட்டையையும் கடந்து அதிராம்பட்டினம் நோக்கி நீண்டு கிடக்கிறது வேதாரணியப் பெருஞ்சதுப்பு. பாமணியாறு, கோரையாறு முதலிய காவிரிக் கிளைகள் வயலுக்குக் கொடுத்தது போக எஞ்சிய நீரை அந்தச் சதுப்பின் மேற்குப் பகுதியில்தான் இறக்கி வைக்கின்றன.

அங்கே வந்து நிற்கும் கூட்டத்தில் கொசு உள்ளான் உண்டு. வளைமூக்கு உள்ளான் உண்டு. பவளக்காலி, பச்சைக்காலி, கருவால் மூக்கன், உப்புக்கொத்தி, நீண்டு வளைந்த அலகுடைய கோட்டான் என வகைவகையாக உண்டு. இவற்றுள் பல ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய மரமற்ற பனிவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. கொசு உள்ளானின் எடை முப்பது கிராமுக்கும் குறைவு. கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அவ்வுயிர் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, கோடியக்கரைச் சேற்றில் புழுவும் பூச்சியும் தேடி மாதக்கணக்கில் தங்கிச் செல்கிறது.

இந்தச் செய்தி இன்று பள்ளிப் பாடம். முன்பு அவ்வாறன்று. பறவை வரும், போகும். எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்பதை அறிந்தவர் இலர். அந்த அறியாமையைக் களையும் பணியை இந்நாட்டில் தொடங்கி நடத்தியவர் சாலிம் அலி. அவர் தஞ்சை மண்ணில் பிறந்தவர் அல்லர். ஆயினும் கோடியக்கரையின் பெயர் உலகப் பறவையியலாரின் நாவில் வழங்குவதற்கு அவரும் அவர் வளர்த்த கழகமும் பெருங்காரணம். எனவே அவருடைய வாழ்வு காவிரிப் படுகைக்கும் ஒருவகையில் உரியது.

சிட்டும் சிறுவனும்

சாலிம் மொய்சுத்தீன் அப்துல் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தமிழ்க் கணக்கில் அது ஐப்பசியின் பிற்பகுதி. கோடியக்கரையில் வலசைப் பறவைகள் நிறைந்து நிற்கும் காலம். சுலைமானி போரா வகுப்பைச் சேர்ந்த பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி அவர். ஓர் அகவை நிரம்பும் வேளையில் தந்தையை இழந்தார். மூன்றாம் அகவையில் தாயையும் இழந்தார். பிள்ளைப்பேறு இல்லாத தாய்மாமன் அமிருத்தீன் தையப்ஜியும் அவர் மனைவி ஹமீதா பேகமும் பெற்றோர் இல்லாக் குறை தெரியாமல் வளர்த்தனர்.

சிறுவனுக்கு விருப்பமான விளையாட்டு காற்றுத் துப்பாக்கியால் சிட்டுக்குருவி சுடுவது. பத்து வயதை ஒட்டிய பருவத்தில் ஒருநாள் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் தீற்றியிருந்தது. வழக்கமான சிட்டு அன்று அது. மாமனுக்கும் பெயர் தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினர். 1883இல் தோன்றிய அக்கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதித் தந்து மருமகனை அனுப்பி வைத்தார். வெள்ளைக்கார அதிகாரியைக் காண அஞ்சி நடுங்கிச் சென்ற சிறுவனை மில்லார்டு அன்போடு வரவேற்றார். அச்சிட்டின் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், பாடம் செய்து பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்த பறவைகளையெல்லாம் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் கொடுத்தார். பறவைகளுள் இத்தனை வகை உண்டென்பதும், ஒவ்வொன்றுக்கும் பெயரும் ஊரும் வாழ்முறையும் உண்டென்பதும் அன்று அச்சிறுவனுக்குப் புலனாயின.

கொன்ற குருவியின் பெயரை அறியப் போனவன் வாழும் பறவைகளின் வாழ்வை அறியும் வேட்கையோடு திரும்பினான். பல பத்தாண்டுகள் கழித்து, 1985இல், தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டபோது அந்தச் சிட்டின் வீழ்ச்சியையே நூலின் தலைப்பாக்கினார் சாலிம் அலி. தம் அறிவு ஓர் உயிரின் இழப்பில் தொடங்கியது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்யும் அக்கால முறையைப் பிற்காலத்திலும் அவர் முற்றாக மறுத்தாரில்லை. ஆயினும் வேட்டைக்காரரின் கண் அவரிடம் மெல்ல மெல்ல காவலரின் கண்ணாக மாறியது.

பட்டம் பெறாத அறிஞர்

படிப்பு அவருக்கு எளிதாக வரவில்லை. தீராத தலைவலி பள்ளிப் படிப்பைக் குலைத்தது. உறவினரிடம் சிந்து மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார். 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினார். கல்லூரிப் படிப்பு முதலாண்டோடு நின்றது. பர்மாவின் தென்பகுதியிலுள்ள தவாய் என்னும் ஊரில் குடும்பத்தார் நடத்திய டங்ஸ்டன் சுரங்கத்தையும் மரத் தொழிலையும் கவனிக்கச் சென்றார். அங்குக் கணக்கேட்டைவிடக் காடே அவரை ஈர்த்தது. தொழில் நொடித்தது. இடையே பம்பாய் திரும்பி வணிகவியல் பயின்றபோது, தூய சவேரியார் கல்லூரியின் தந்தை பிளாட்டர் அவருடைய உள்ளக்கிடக்கையைக் கண்டறிந்து விலங்கியல் படிக்கத் தூண்டினார். 1918இல் தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

இந்திய விலங்கியல் மதிப்பாய்வுத் துறையில் பறவையியலாளர் பதவி ஒன்று காலியாயிற்று. பட்டம் இல்லை என்னும் காரணத்தால் அது அவருக்குக் கிட்டவில்லை. 1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராக அமர்ந்தார். பிறகு விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். வெறும் தோலையும் இறகையும் அளந்து பெயரிடுவதோடு பறவையியல் முடிந்துவிடுவதில்லை, உயிரோடு உலவும் பறவையின் நடத்தையே அதன் உயிர்நிலை என்னும் புதிய பார்வை அங்கே அவருக்கு வாய்த்தது. வடகடலில் உள்ள ஹெலிகோலாந்து தீவின் ஆய்வு நிலையத்தில் பறவைகளின் காலில் வளையமிடும் கலையையும் கற்றார். அவர் கற்றுவந்தவற்றுள் பிற்காலத்தில் கோடியக்கரைக்கு உதவியது இதுவே.

1930இல் தாயகம் திரும்பியபோது அருங்காட்சியகத்தில் அவருடைய பதவியே இல்லை; நிதியில்லை என்று நீக்கியிருந்தார்கள். வேலையற்ற கணவரும் மனைவியும் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினர். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேறு பணியில்லாத சாலிம் அலி நாள்தோறும் மணிக்கணக்கில் அவற்றையே பார்த்திருந்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவிகள் வந்து பார்வையிடுகின்றன. ஒரு பெண் மனமொப்பி ஏற்ற பின்னரே கூடு முழுமை பெறுகிறது. உடனே ஆண் குருவி அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறது. யாவரும் கண்ட குருவிதான். ஆனால் இந்த இல்லறத்தை இவ்வளவு பொறுமையுடன் கண்டு எழுதியவர் முன்னர் இலர். அந்தக் கட்டுரையே அவரை உலகறியச் செய்தது. வேலை போன துயரம் பார்த்திருக்கும் ஓய்வாக மாறியது.

ஒரே உப்பு, இரு கரைகள்

அதே 1930இல் நாடு உப்புக்காக எழுந்தது. ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர் படையுடன் புறப்பட்ட இராஜாஜி, தஞ்சை மாவட்டத்தின் ஊர்களைக் கால்நடையாகக் கடந்து 28ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்தார். 30ஆம் நாள் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் சட்டத்தை மீறிக் கைதானார். சில நாள்களில் குஜராத்தில் காந்தியடிகளும் கைது செய்யப்பட்டார். தராசனை உப்பளப் போராட்டத்திற்கு அடுத்துத் தலைமையேற்ற முதியவர் அப்பாஸ் தையப்ஜி. சாலிம் அலியின் மாமன்மாருள் ஒருவர்.

சாலிம் அலி அரசியல் களத்தில் நின்றவர் அல்லர். ஆயினும் மாமன் நின்ற போராட்டத்தின் தமிழகக் களமாக விளங்கிய உப்புமண்ணின் அருகிலேயே மருமகன் பிற்காலத்தில் தொலைநோக்கியோடு நிற்க நேர்ந்தது. அகத்தியம்பள்ளிக்கும் கோடியக்கரைக்கும் இடையே தொலைவு மிகுதியன்று. உப்பு விளையும் அதே தட்டை நிலத்தில்தான் உள்ளான்களுக்கு உணவும் விளைகிறது. இந்த உறவு அன்று யாருக்கும் முரணாகத் தோன்றவில்லை. சிறு பாத்திகளில் உப்பு வாரியவரும், ஓரச் சேற்றில் இரைதேடிய பறவையும் ஒரே வெளியைப் பகிர்ந்துகொண்ட காலம் அது.

துணை இழந்த ஆண்டுகள்

அடுத்த பத்தாண்டுகளில் சாலிம் அலி நாட்டைக் காலால் அளந்தார். சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியைத் தாமே முன்வந்து மேற்கொண்டார். தமக்குக் கூலி வேண்டாம், பயணத்திற்கும் முகாமிற்கும் ஆகும் செலவைத் தந்தால் போதும் என்பது அவருடைய ஏற்பாடு. ஐதராபாத்தில் தொடங்கி, 1933இல் திருவிதாங்கூர், கொச்சி, பின்னர் மைசூர், போபால், இந்தூர், குவாலியர் எனப் பயணம் விரிந்தது. மாட்டு வண்டியும் கூடாரமும் அரிக்கேன் விளக்குமாகக் கழிந்த அந்நாள்களில் தெஹ்மினா உடன் சென்று முகாமை நடத்தினார். வசதியான வாழ்வை விட்டு வந்த அவர் காட்டு வாழ்வை விரும்பி ஏற்றார்.

1939இல் சிறியதோர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா மறைந்தார். சாலிம் அலி உடைந்து போனார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை முறையன்று, தமக்கை முறையான கமூவின் இல்லத்தில் தங்கி, எஞ்சிய வாழ்வைப் பறவைகளுக்கே ஒப்படைத்தார். துயரத்தின் அடுத்த ஈராண்டில், 1941இல், இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு, எளிய நடையில், கையில் எடுத்துச் செல்லத்தக்க அளவில் அமைந்த அந்நூல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தது. பறவை நோக்குதல் துரைமார்களின் பொழுதுபோக்கு என்றிருந்த நிலை மாறி, பள்ளி மாணவனும் எழுத்தனும் பறவையைப் பெயர் சொல்லி அறியும் நிலை உருவாவதற்கு அதுவே வழி செய்தது.

வளையம் என்னும் ஓலை

காவிரிப் படுகையில் பறவையைத் தூதுவிடுதல் புதிதன்று. கும்பகோணத்தை அடுத்த சத்திமுற்றத்தில் பிறந்து, வறுமையால் ஊர்விட்டு ஊர்வந்து குளிரில் வாடிய புலவர் ஒருவர், வடதிசை ஏகும் செங்கால் நாரையைத் தம் மனைவியிடம் தூது விட்டதைத் தமிழர் மறந்திலர். நாரை வலசை போகும் பறவை என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். ஆனால் அது செய்தியைச் சேர்த்ததா என்று கேட்பதற்கு வழியில்லை. கவிதையில் தூது ஒருவழிப் பயணம்.

அறிவியல் அந்தத் தூதுக்கு மறுமொழி வாங்க ஒரு வழி கண்டது. பறவையைப் பிடித்து, ஊறு செய்யாமல், அதன் காலில் மெல்லிய உலோக வளையம் ஒன்றைப் பூட்டுவது. வளையத்தில் ஓர் எண்ணும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குத் தெரிவிக்குமாறு கோரும் சில சொற்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் கையில் அப்பறவை அகப்பட்டு, அவர் எண்ணையும் நாளையும் இடத்தையும் எழுதி அனுப்பினால் பறவையின் வழித்தடத்தில் இரண்டு புள்ளிகள் கிடைத்துவிடும். ஆயிரம் பறவைகளுக்கு வளையமிட்டால் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே மறுமொழி தரும். எனவே இப்பணிக்கு முதல் தேவை பொறுமை.

இந்தப் பணி பெருமளவில் தொடங்க ஒரு காய்ச்சல் காரணமாயிற்று. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டுப் பகுதியில் குரங்குகளையும் மனிதரையும் பற்றிய புதிய நோய் தோன்றியது. உண்ணிகளால் பரவும் அந்நோய்க் கிருமி, சைபீரியாவில் முன்பே அறியப்பட்டிருந்த ஒரு கிருமிக்கு உறவாக இருந்தது. வலசைப் பறவைகளே அதைச் சுமந்து வந்தனவோ என்னும் ஐயம் எழுந்தது. அதை ஆராய 1959இல் உலக சுகாதார அமைப்பு நிதி அளித்தது. நாட்டின் பல பகுதிகளில் கழகம் வளையமிடும் முகாம்களை நடத்தலாயிற்று. அந்த முகாம்களின் வரிசையில் 1960களின் இறுதியில் கோடியக்கரையும் சேர்ந்தது.

சுந்தரர் தனிமைக் கடற்கரையில் இறைவனைக் கண்டு பாடிய தலம் கோடிக்குழகர். கல்கியின் பொன்னியின் செல்வனில் பூங்குழலி படகு செலுத்திய கரை. அந்தக் கோடியக்கரையில் பறவையாளர்கள் கண்டது இரண்டு உலகங்களின் எல்லை. ஒருபுறம் பாலையும் காரையும் அடர்ந்த, எக்காலமும் பசுமை மாறாத உலர்காடும் வெளிமான்கள் மேயும் புல்வெளியும். மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறும் மெல்லிய நீர்ப்பரப்பும். 1967 ஜூன் மாதத்தில் அன்றைய சென்னை மாநில அரசு இவ்விடத்தைச் சரணாலயமாக அறிவித்தது. அதே ஆண்டு சாலிம் அலிக்கு பிரித்தானியப் பறவையியலார் சங்கம் தன் தங்கப் பதக்கத்தை வழங்கியது. பிரித்தானியர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதன்முறை.

சதுப்பில் இரவு

வளையமிடும் பணி பெரும்பாலும் இரவில் நடப்பது. நிலவு இல்லாத இரவே உகந்தது. நிலவொளியில் பறவை வலையைக் கண்டுகொள்ளும். கழிகளுக்கு இடையே நுண்ணிய வலைகளைச் சேற்றில் கட்டி வைத்துக் காத்திருப்பார்கள். பீகாரைச் சேர்ந்த மிர்ஷிகார் என்னும் வகுப்பார் பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றவர்கள். அவர்களுடைய கைத்திறனைக் கழகம் ஆய்வுக்குப் பயன்படுத்திக் கொண்டது. கொல்வதற்குப் பழகிய கைகள் உயிரோடு விடுவதற்குப் பழகின. சிட்டைச் சுட்ட சிறுவன் வளையமிடும் அறிஞராக வளர்ந்த அதே மாற்றம் அது.

வலையில் சிக்கிய பறவையை மெல்ல விடுவித்துத் துணிப்பையில் இட்டு முகாமுக்குக் கொண்டுவருவர். இறக்கையின் நீளம், அலகின் நீளம், காலின் நீளம், எடை, இறகு உதிர்ந்து முளைக்கும் நிலை ஆகியவற்றைக் குறிப்பர். காலுக்கேற்ற அளவில் வளையத்தைத் தேர்ந்து பூட்டுவர். பிறகு இருளில் கையைத் திறந்து விடுவர்.

இத்தகைய அளவுகளிலிருந்து தெரியவரும் உண்மைகள் பல. முதிர்ந்த பறவைகள் வடக்கிலிருந்து முதலில் புறப்படுகின்றன. அவ்வாண்டுக் குஞ்சுகள் பின்னர்த் தாமே வழி கண்டு வருகின்றன. தந்தையும் தாயும் வழிகாட்டாமலே பெருங்கண்டத்தைக் கடந்து வரும் ஆற்றல் அந்த இளம்பறவைக்கு உண்டு. அலகின் நீளம் வேறுபடுவதால் ஒரே சேற்றில் ஒவ்வோர் இனமும் ஒவ்வோர் ஆழத்தில் இரை எடுக்கிறது; ஒன்றன் உணவை மற்றொன்று பறிப்பதில்லை. கூதிர் மழை மிகுந்து நீர்மட்டம் உயர்ந்தால் குறுங்கால் உள்ளான்கள் சேறு தெரியும் இடம் தேடி விலகுகின்றன. நெடுங்காலுடைய பூநாரைகள் நீரில் நின்று மேய்கின்றன. விரலளவு நீர் கூடுவதும் குறைவதும் அவற்றுக்கு வாழ்வுக்கும் பட்டினிக்கும் உள்ள வேறுபாடு. உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டால்தான் பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்ப இயலும். பறவை தங்கி நிற்பது சோம்பலால் அன்று. அடுத்த பயணத்திற்கான பொதிசோற்றைத் தன் உடலிலேயே கட்டிக்கொள்வதற்கு.

வளையங்கள் பேசத் தொடங்கின. கழகம் பூட்டிய வளையங்களின் எண்கள் நடு ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் கடிதங்களில் திரும்பி வந்தன. புலவர் விட்ட தூதுக்கு மறுமொழி கிடைத்தது போலாயிற்று.

பழியும் பதிலும்

நற்பணிக்கும் பழி வருவதுண்டு. உலக சுகாதார அமைப்பின் நிதிக்குப் பின்னர், வலசைப் பறவை ஆய்வுக்கு அமெரிக்க இராணுவ ஆராய்ச்சித் துறையின் பணமும் வந்திருந்தது. 1970களின் நடுவில் இது செய்தித்தாள்களில் புயலாக வெடித்தது. பறவைகள் வழியே நோய் பரப்பும் போர்முறைக்கு இந்த ஆய்வு துணைபோகிறதோ என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவும் இதை ஆராய்ந்தது. முதுமையில் இப்பழியைச் சுமக்க நேர்ந்த சாலிம் அலி அதை முற்றாக மறுத்தார். ஆய்வின் முடிவுகள் மறைக்கப்படவில்லை என்றார். அந்நிய இராணுவத்தின் பணத்தை அறிவியல் ஏற்கலாமா என்னும் கேள்வி நியாயமானதே. பணம் இல்லாத நாட்டில் அறிவை எங்ஙனம் வளர்ப்பது என்னும் கேள்வியும் அதற்கு இணையாக நின்றது. அவருடைய வாழ்வில் விடை எளிதாகக் கிட்டாத இடம் இது.

இந்தச் சலசலப்புக்கு முன்னும் பின்னும் அவர் பணி நிற்கவில்லை. அமெரிக்கப் பறவையியலாளர் தில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைகளின் கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி வந்தபோது அவருக்கு அகவை எழுபதைக் கடந்திருந்தது. 1958இல் பத்மபூஷணும் 1976இல் பத்மவிபூஷணும் கிடைத்தன. 1976இல் வழங்கப்பெற்ற ஐம்பதாயிரம் டாலர் பெறுமான பால் கெட்டி பரிசைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்பு நிதியாக்கினார். தேனி மலைப்பகுதியில் 1948இல் கிடைத்த அரிய பழந்தின்னி வௌவால் இனத்திற்கு 1972இல் அவருடைய பெயர் சூட்டப்பட்டது. பட்டம் இல்லை என்று பதவி மறுக்கப்பட்டவரைப் பல்கலைக்கழகங்கள் அழைத்துப் பட்டமளித்தன. 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார்.

விளையாட்டுப் பிள்ளையின் துடிப்பும் அவரை விட்டு நீங்கவில்லை. மோட்டார் சைக்கிள் மீது அவருக்குத் தீராக் காதல். 1950இல் சுவீடனின் உப்சாலா நகரில் நடந்த பன்னாட்டுப் பறவையியல் மாநாட்டுக்குத் தம் சன்பீம் வண்டியை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்று, ஐம்பத்து மூன்றாம் அகவையில் அதன்மீதே ஊர்ந்து போய்ச் சேர்ந்தவர் அவர்.

ஆனித் திங்கள்

1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் பம்பாயில் சாலிம் அலி மறைந்தார். அகவை தொண்ணூறு. அப்பொழுது ஆனி மாதம். வந்த பறவைகளெல்லாம் வடக்கே சென்றுவிட்ட காலம்; பனி உருகிய வெளியில் முட்டையிட்டு அடைகாக்கும் காலம். கோடியக்கரைச் சேறு அப்பொழுது ஏறக்குறைய வெறுமையாகக் கிடக்கும். ஆனால் முழுதும் வெறுமையன்று. இன்னும் இணைசேரும் பருவம் எய்தாத இளம்பறவைகள் சில பயணம் போகாமல் இங்கேயே கோடையைக் கழிக்கும். தங்கி நிற்கும் அச்சிலவற்றைக் காணப் பெருங்கூட்டம் வருவதில்லை. எண்ணிக் குறிப்பதற்கு யாரேனும் ஒருவர் இருந்தால் உண்டு.

அத்தகைய ஒருவரை உருவாக்கியதே சாலிம் அலி விட்டுச்சென்ற செல்வம். அவர் மறைந்த பின்னும் கழகத்தார் கோடியக்கரையில் வளையமிட்டு வந்தனர். 1990இல் அவருடைய பெயரால் கோவையில் பறவையியல் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. 1991இல் நாகை தனி மாவட்டமானதும் கோடியக்கரை தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 2002இல் ராம்சார் உடன்படிக்கையின்படி பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாகக் கோடியக்கரை அறிவிக்கப்பட்டது. 38,500 எக்டேர் பரப்புடைய இதுவே தமிழகத்தில் அத்தகுதி பெற்ற முதல் இடம்.

தகுதி கூடியதே தவிரப் பறவைகள் கூடவில்லை. பத்தாண்டுகளுக்குப் பத்தாண்டு உள்ளான் கூட்டங்கள் மெலிந்து வருவதை அவருடைய வழிவந்தோர் பதிந்துள்ளனர். காரணங்கள் ஒன்றல்ல. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின் காவிரி நீர் கடைமடைக்கு வருவது கணக்குப்படி ஆயிற்று. மாநிலங்களின் வழக்கில் அக்கணக்கும் சுருங்கியது. நன்னீர் குறைந்த சதுப்பில் உப்பு மிகுந்தது. சிறு பாத்திகள் இருந்த நிலத்தில் பெரிய உப்பளங்கள் பரந்தன. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியலில் கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறிக் காட்டைச் சிதைத்தது. வடக்கே, பறவைகள் பிறக்கும் பனிவெளியும் வெப்பமேறி மாறிவருகிறது. வயலுக்கு வந்துசேராத நீர் சதுப்புக்கும் வந்துசேராது. உழவனின் கவலையும் உள்ளானின் கவலையும் கடைமடையில் ஒன்றாகிவிட்டன.

இந்தக் குறைவை உறுதியாகச் சொல்ல முடிவதே, எண்ணி வைத்தவர்கள் இருந்தமையால்தான். எண்ணாத பறவை குறைந்தால் யாருக்கும் தெரியாது. பெயர் அறியாத பறவை மறைந்தால் யாரும் வருந்தார். குருகும் நாரையும் நெய்தல் திணையின் கருப்பொருளாக ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ்க் கவிதையில் நின்று வருகின்றன. அவை கவிதையில் நிற்பதற்கு முதலில் சேற்றில் நின்றாக வேண்டும். சேறு இருக்கும்வரை, அதில் ஊறும் நீர் காவிரியிலிருந்து வந்துசேரும்வரை, ஐப்பசி தோறும் அவை வந்து நிற்கும்.

ஒவ்வொரு கூதிரிலும் கோடியக்கரையில் இறங்கும் கூட்டத்தில், காலில் சிறு உலோக வளையம் மின்னும் பறவை ஒன்றேனும் இருக்கக்கூடும். அந்த வளையத்தில் சாலிம் அலியின் பெயர் இல்லை. ஓர் எண்ணும், கண்டவர் தெரிவிக்க வேண்டும் என்னும் வேண்டுகோளுமே உள்ளன. தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தவர் பறவையின் காலில் கட்டி அனுப்பிய ஓலை அவ்வளவே.